ரோட்டு சைக்கிளா, காட்டு சைக்கிளா

நிர்மலாவுக்கு முப்பத்தாறு வயது. அதில் பன்னிரண்டு வருஷத்தை ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காருக்கு ஒயர் கட்டியே கழித்திருக்கிறாள். கதவுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் ஓடுகிற ஒயர்களை நிறம் பார்த்து, அளவு பார்த்து, பலகையில் ஆணிக்கு ஆணி இழுத்து டேப் சுற்றுகிற வேலை. அவள் கட்டிய ஒயர் ஓடாத ரோடு இந்தியாவிலேயே இல்லை என்று புருஷன் மாதேஷ் கிண்டல் பண்ணுவான். ஆனால் அவள் கார் என்று ஒன்றில் ஏறியது மொத்தம் மூன்று தடவை. அதிலும் ஒன்று பிரசவத்துக்குப் போன ஆம்புலன்ஸ். அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவளுக்கே சந்தேகம்.

ஊர், சானமாவுக் காட்டை ஒட்டிய சின்ன ஊர். அங்கிருந்து கம்பெனிக்கு இரண்டு வழி. ஒன்று, ஊரைச் சுற்றிக்கொண்டு ராயக்கோட்டை ரோட்டுக்கு வந்து தார் ரோட்டிலேயே போவது, பன்னிரண்டு கிலோமீட்டர். இன்னொன்று, ஏரிக்கரையில் ஆரம்பித்துக் காட்டோரமாகப் போகிற மண் பாதை. அது ஐந்தே கிலோமீட்டர். கல்லும் மணலும் நடுவில் ஒரு ஓடையுமாகக் கிடக்கும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதெல்லாம் கோயில் யானைக்கு. சானமாவு யானை மணி கட்டிக்கொண்டு வருவதில்லை. அதனால் அந்தப் பாதையில் யாரும் ஒற்றையாகப் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவர் காட்டைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளுக்கு ஜோடி என்று பெயர். ஜோடி இல்லாமல் வந்தால் காவலுக்கு இருக்கும் எல்லப்பன் தடியைக் குறுக்கே நீட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

இந்தப் பன்னிரண்டு வருஷமும் அதெல்லாம் நிர்மலாவுக்குக் கவலையாக இருந்ததில்லை. கம்பெனி வேன் ஊருக்கே வந்தது. ஏறி உட்கார்ந்தால் அனிதா பக்கத்தில் இடம் போட்டு வைத்திருப்பாள்.

அனிதா அதே ஊர்தான். கோவிந்தப்பனின் மகள். கோவிந்தப்பனுக்குத் தோட்டமும் கிணறும் உண்டு. தக்காளியும் பீன்ஸும் போடுவார். அந்தத் தோட்டத்தில்தான் நிர்மலாவின் அம்மா நாராயணம்மா காய் பறித்துக் கூலி வாங்கினாள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு நிர்மலாவும் அங்கேதான் பறித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து இரண்டு பேரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். நீலக் கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டால் யார் தோட்டத்துக்காரர் பெண், யார் கூலிக்காரி பெண் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம் ஒரே டப்பாவில் கையை விட்டுச் சாப்பிட்டார்கள். அனிதாவுக்கு நிர்மலா வீட்டுக் களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் என்றால் உயிர். நிர்மலாவுக்கு இங்கிலீஷ் படிவம் எது வந்தாலும் அனிதாதான் நிரப்பிக் கொடுப்பாள். கையெழுத்து மட்டும் இவள் போடுவாள்.

ஊரில் வேன் நின்றதும் கொஞ்சம் வேறு மாதிரி. "நீ செத்த நின்னு வா மே. அப்பா டீக்கடையில இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அனிதா முன்னால் போவாள். நிர்மலா செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்று, ஐந்து நிமிஷம் கழித்து நடப்பாள். அதில் அவளுக்கு வருத்தமே இருந்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஊர் வேறு, கம்பெனி வேறு என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லி வைத்திருந்தாள். அனிதா மனசில் ஒன்றும் இல்லை, பாவம், அவள் அப்பாவுக்குப் பயப்படுகிறாள் என்று மாதேஷிடம் வாதாடியும் இருக்கிறாள்.

போன ஆகஸ்டில் கம்பெனிக்கு இருபத்தைந்து வயது ஆனது. பத்து வருஷம் வேலை செய்தவர்களுக்கெல்லாம் கியர் வைத்த சைக்கிள் பரிசு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்கள் கைதட்டினார்கள். நோட்டீஸின் கடைசி வரியை அப்புறம்தான் படித்தார்கள்: சுற்றுச்சூழலைக் காக்கும் பொருட்டு, பக்கத்து ஊர்களுக்கு நவம்பர் ஒன்றாம் தேதி முதல் வேன் கிடையாது. கம்பெனிக்காரர் ஒரு கையால் கொடுக்கும்போது மறு கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேன்டீன் ஓரத்தில் மாதிரிக்கு இரண்டு சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒன்று ஹைப்ரிட். மெல்லிய டயர், பெரிய சக்கரம், ஒரு கையால் தூக்கலாம். இன்னொன்று மவுண்டன் பைக். முரட்டு டயர், முன்னால் ஸ்பிரிங், எருமைக் கன்று போல எடை. பெண்கள் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்: ரோட்டு சைக்கிள், காட்டு சைக்கிள்.

கூட வந்திருந்த கடைக்காரர் நியாயமான மனுஷர். ஒளிக்காமல் சொன்னார். "தார் ரோட்டுல போறவங்க இத எடுங்க, மிதிச்ச மிதிக்குப் பலன் இருக்கும். மண்ணுல, கல்லுல போறவங்க அத எடுங்க. பாக்க நல்லா இருக்குதுன்னு காட்டு சைக்கிள எடுத்து ரோட்டுல ஓட்டுனீங்கன்னா, பிரேக்கப் புடிச்சிக்கிட்டே மிதிக்கிற மாதிரி இருக்கும். ரோட்டு சைக்கிள எடுத்து கல்லு மேல ஏத்துனீங்கன்னா டயர் கிழிஞ்சிடும். பின்னால வந்து என்னைத் திட்டக் கூடாது."

நிர்மலா இரண்டையும் லோடு ஏற்றும் இடத்தில் ஓட்டிப் பார்த்தாள். காட்டு சைக்கிளும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரோட்டு சைக்கிளில் ஏறி நாலு மிதி மிதித்ததும் அது தானாக ஓடியது. தொப்பியைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு இன்னொரு சுற்று போனாள். வேலை இல்லாமல், காரணம் இல்லாமல், சும்மா ஒரு சுற்று. அவள் ஆயுசில் அப்படி எதையும் செய்ததில்லை. இறங்கும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. இதுதான் வேண்டும் என்று மனசு முடிவு செய்துவிட்டது.

அன்று சாப்பிடும்போது அனிதாவிடம் சொன்னாள். "எனக்கு ரோட்டு சைக்கிள்தான் மே. என்னா லேசு தெரியுமா. பன்னெண்டு கிலோமீட்டர் ஆனாலும் முக்கா மணியில வந்துடுவேன்."

அனிதா களியை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "லாரிக்கு நடுவுல தினம் பன்னெண்டு கிலோமீட்டரா? கல் ஏத்திக்கிட்டு வர்ற லாரிய பாத்திருக்கறயா நீ?" என்றாள். "ரெண்டு பேரும் காட்டு சைக்கிளே எடுத்துக்கலாம் மே. மண் பாதையில அரை மணி கூட ஆவாது. எனக்கு நீ ஜோடி, உனக்கு நான் ஜோடி. வேற யாரு இருக்கறாங்க நமக்கு?"

இந்தக் கடைசி வார்த்தைதான் நிர்மலாவைச் சாய்த்தது. வேனிலிருந்து இறங்கி முன்னால் போகிறவள், ஏரிக்கரையிலிருந்து ஊரறிய ஒன்றாகப் போகலாம் என்கிறாள். நிர்மலாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. சைக்கிள் கிடக்கிறது, எந்தச் சைக்கிளாக இருந்தால் என்ன? அடுத்த நாள் படிவம் வந்தது. அனிதா அப்போது அந்த லைனுக்கு லீடர். படிவம் வாங்கி அடுக்குவது அவள் பொறுப்பு. வழக்கம் போல நிர்மலாவின் படிவத்தை அவளே நிரப்பினாள். காட்டு சைக்கிளுக்கு நேராக டிக் போட்டாள். நிர்மலா கையெழுத்துப் போட்டாள்.

ஆயுத பூஜையன்று சைக்கிள்கள் வந்தன. ஹேண்டில் பாரில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கழுத்தில் பெயர்ச்சீட்டைக் கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நிர்மலாவுக்குச் சாம்பல் நிறக் காட்டு சைக்கிள். அனிதாவுடையதைத் தேடிப் போனாள். அனிதா ஒரு நீல ரோட்டு சைக்கிளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன மே, மாத்திக் குடுத்துட்டாங்களா?"

"ஆமா மே. எப்படியோ மாறிடுச்சு. கேட்டா, வந்தது வந்ததுதான்னு சொல்றாங்க."

நிர்மலா அதை நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, ஆறுதலும் சொன்னாள். "சரி வுடு. கல்லு வர்ற எடத்துல நீ எறங்கித் தள்ளிக்கோ, நான் நிக்கறேன். அஞ்சு நிமிசம் கூட ஆவும், அவ்ளோதானே." அனிதா தலையை ஆட்டினாள். ஆற்றைக் கடக்கிற வரைக்கும்தான் அண்ணன் தம்பி என்பார்கள். இவள் ஆற்றில் இறங்கும் முன்பே கையை விட்டுவிட்டாள். அது நிர்மலாவுக்குத் தெரியாது.

நவம்பர் ஒன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு நிர்மலா ஏரிக்கரையில் போய் நின்றாள். ஏழு மணிக்கு ஷிஃப்ட். ஆறு பத்து ஆனது, ஆறு இருபது ஆனது. அனிதா வரவில்லை. என்னமோ ஏதோ என்று பயந்து போன் போட்டாள்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன் மே" என்றாள் அனிதா. தூக்கக் குரல். "என்னை ட்ரெய்னரா போட்டுட்டாங்க. இன்னிலேர்ந்து ஜெனரல் ஷிஃப்ட். ஒம்போது மணிக்குத்தான். நான் ரோட்டு வழியாவே போயிக்கறேன். நீ யாரையாவது ஜோடி சேத்துக்கோ, என்ன?"

அந்த ஊரில் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் அவர்கள் இரண்டு பேர்தான். அது அனிதாவுக்குத் தெரியாதா? நிர்மலா போனைப் பையில் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்ற வேகத்தில் தனியாகவே மண் பாதையில் விட்டாள். காட்டு முனையில் எல்லப்பன் தடியை நீட்டினார். அவர் வீட்டில் பேசுவது கன்னடம். அவசரத்தில் அதுதான் முதலில் வரும்.

"ஆனெ பந்திதே. ஏழு யானை, கேழ்வரகுக் கொல்லையில நிக்குது. எங்கம்மா உன் ஜோடி?"

"வரலீங்கண்ணா."

"எப்ப வரும்?"

நிர்மலா வாயைத் திறந்தாள். இனிமேல் வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும். அழுகைதான் வந்தது. எல்லப்பன் பெரிய மனுஷர், மேலே கேட்காமல் சைக்கிளைத் தானே திருப்பி நிறுத்திக் கொடுத்தார்.

தார் ரோட்டில் கடைக்காரர் சொன்னது அத்தனையும் நடந்தது. முரட்டு டயர் ஒவ்வொரு அடிக்கும் ரோட்டைப் பிடித்துப் பிடித்து விட்டது. மேட்டில் மிதித்தால், மிதித்ததில் பாதியை முன்னாலிருந்த ஸ்பிரிங் தின்றது. அன்று கம்பெனிக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆயிற்று. மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் லேட்டானால் மெமோ. மூன்று மெமோ வாங்கினால் வேலை போய்விடும். இது அங்கே துப்புரவு செய்கிறவர் முதல் எல்லோருக்கும் மனப்பாடம்.

சரி, விடியும் முன்பே கிளம்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. கேழ்வரகு முற்றுகிற காலம். யானை இறங்கினால் ஆறு மணிக்கு முன்னால் யாரையும் ஊர் எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். ஆறுக்குக் கிளம்பினால் ரோட்டு சைக்கிளுக்கு முக்கால் மணி. காட்டு சைக்கிளுக்கு ஒரு மணி ஐந்து நிமிஷம், சில நாள் ஒரு மணி பத்து. நடுவில் இருக்கிற அந்த இருபது நிமிஷம்தான் அவள் வேலை.

மாற்றிக் கொடுப்பார்களா என்று கேட்கத்தான் அவள் எச்.ஆர். அறைக்குப் போனாள். அங்கே சௌமியா என்று ஒரு பெண் கணினி முன்னால் இருந்தாள். சின்ன வயசு, மரியாதை தெரிந்த பெண்.

"ஹைப்ரிட் ஸ்டாக்கே இல்லீங்கக்கா. உங்க லைனுக்கு ஒண்ணுதான் ஒதுக்கியிருந்தோம். ரெண்டு பேர் கேட்டா குலுக்கிப் போட்டுக் குடுக்கலாம்னு லைன் லீடருங்களுக்கு ஆகஸ்டுலயே சொல்லிட்டோமே. உங்க லைன்ல அனிதாக்கா மட்டும்தான் கேட்டிருந்தாங்க. அதனால குலுக்கலே வேண்டியிருக்கல."

"அவளும் காட்டு சைக்கிள்தானே எழுதினா? மாறிப்போச்சுன்னாளே."

சௌமியா திரையைப் பார்த்தாள். "இல்லக்கா, ஹைப்ரிட்னுதான் டிக் பண்ணியிருக்காங்க. அவங்க ட்ரெய்னர்னு ஜூலையிலயே முடிவாயிடுச்சு இல்ல, ஜெனரல் ஷிஃப்டுக்கு ரோட்டு வழியா வரணும்ல. அதனால இருக்கும்."

ஜூலையில் தெரியும். ஆகஸ்டில் டப்பாவில் கையை விட்டபடி, எனக்கு நீ ஜோடி, உனக்கு நான் ஜோடி என்றாள். நிர்மலா லைனுக்குத் திரும்பி வந்து பலகை முன்னால் நின்றாள். சிவப்பு ஒயர் போக வேண்டிய ஆணியில் மஞ்சளை மாட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் செய்த முதல் தப்பு அது. இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். குலுக்கினால் பாதிக்குப் பாதி நிர்மலாவுக்கு விழலாம். அந்தப் பாதிக்காகத்தான் இத்தனை நாடகமும். கூட இருந்தே குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு சைக்கிளுக்காகப் பறிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. ஏன் இவ்வளவு சுற்று? கேட்டிருந்தால் போதுமே. "எனக்கு வேணும் மே, நீ விட்டுக் குடு" என்று ஒரு வார்த்தை. ஆசைப்பட்ட சைக்கிள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அனிதா கேட்டு அவள் இல்லையென்று சொன்ன பொருள் என்று இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஏதாவது உண்டா?

நவம்பரில் ஒரு மெமோ. டிசம்பரில் இரண்டாவது. நடுவில் மாதேஷ் தன் பழைய வண்டியில் கொண்டுபோய் விட்டுப் பார்த்தான். அவனுக்குப் பூக்கம்பெனியில் ரோஜா வெட்டுகிற வேலை. ஆறரைக்குள் வெட்டத் தொடங்காவிட்டால் பூ விரிந்துவிடும். நாலு நாளில் அவன் வேலைக்கே ஆபத்து வந்தது. மகள் அனுப்ரியா பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளை மேலே படிக்க வைக்க நிர்மலாவின் வேலையைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். இந்த நேரத்தில்தான், பொங்கலுக்கு முன்னால், கோவிந்தப்பன் மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். நீல சைக்கிள் தோட்டத்து மோட்டார் ரூமில் சாய்ந்து நின்றது. இரண்டரை மாசம் கூட அது ரோட்டில் ஓடவில்லை. காலையில் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போதெல்லாம் நிர்மலாவுக்கு அந்தச் சைக்கிள் சும்மா நிற்பது நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அனிதா வந்தாள். இதுவரை நிர்மலாவின் தெருவுக்குள் அவள் வந்ததில்லை. நீல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். துடைத்து, காற்றடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ரெண்டு மெமோ ஆயிடுச்சாமே" என்றாள். "இத வெச்சிக்கோ. எனக்குத்தான் ஸ்கூட்டர் இருக்குதே."

நிர்மலா வாசலை விட்டு இறங்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லு. எம் படிவத்துல டிக் போட்ட அன்னிக்கி, நீ ஜோடி வரமாட்டேன்னு உனக்குத் தெரியுமா?"

அனிதா பொய் சொல்லவில்லை. இந்த ஒரு தடவையாவது சொல்லவில்லை. "தெரியும்."

"கேட்டிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேனே."

"அதுவும் தெரியும்." அனிதா ஹேண்டில் பாரின் மேல் இல்லாத தூசியைத் தட்டினாள். "கேக்க வாய் வரல மே. என்னமோ, வரல. தப்புதான். மனசுல வெச்சிக்காத."

அவள் கண் கலங்கியிருந்தது. நிர்மலாவுக்கு மனசு இளகிவிட்டது. இத்தனை நாள் எரிந்ததெல்லாம் ஒரு நொடியில் தணிந்தது என்றே சொல்லலாம். அவள் அப்படிப்பட்டவள், என்ன செய்வது? வெட்கத்தில் கேட்காமல் விட்டிருக்கிறாள், பாவம், அவளும் மனுஷிதானே என்று தோன்றியது. ஆனால் சும்மா வாங்கிக்கொள்ளக் கூசியது. உள்ளே போய்த் தன் காட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"அப்ப மாத்திக்கலாம். இத நீ எடுத்துக்கோ. உங்க தோட்டத்து வரப்புல இதுதான் நல்லா ஓடும். ஆளுக்கு ஒண்ணு, ரெண்டும் கம்பெனி குடுத்ததுதான், யாருக்கும் கடன் இல்ல." ஹேண்டில் பாரை அனிதாவின் பக்கம் திருப்பி நீட்டினாள்.

அனிதா கையை நீட்டவில்லை. "வேணாம் மே. ரெண்டையும் நீயே வெச்சிக்கோ."

"எனக்கெதுக்கு ரெண்டு? எடுத்துட்டுப் போ."

"சொன்னா கேளு. அத எங்க வூட்டுல கொண்டுபோயி நிறுத்த முடியாது."

"ஏன்?"

"அது நீ ஓட்டினதாச்சே" என்றாள் அனிதா.

கோபமாகச் சொல்லவில்லை. நிர்மலாவைப் புண்படுத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சந்தை இல்லை என்று சொல்வது போல, எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. "எங்கப்பா ஒரு மாதிரி, உனக்குத் தெரியாததா" என்று அவசரமாகச் சேர்த்தாள்.

அப்போதுதான் நிர்மலாவுக்கு எல்லாம் புரிந்தது. கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்பது புரிந்தது. கம்பெனிக்குள் ஒரே டப்பாவில் சாப்பிடலாம், ஏமாற்றி எடுத்துக்கொள்ளலாம், இனாமாகத் திருப்பிக் கொடுக்கலாம்; கூலிக்காரி பெண்ணிடம் கேட்டு, அவள் கையால் வாங்கிக்கொள்ள மட்டும் முடியாது. இதில் அப்பா எங்கே வந்தார்? படிவத்தில் டிக் போட்டது அப்பாவா?

நிர்மலா தன் சைக்கிளைச் சுவரில் சாத்தினாள். நீல சைக்கிளின் ஹேண்டில் பாரைப் பிடித்து, அது வந்த திசைக்குத் திருப்பி நிறுத்தினாள்.

"எடுத்துட்டுப் போ."

"நாளைக்கி வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ? வீம்பு புடிக்காத மே."

"எடுத்துட்டுப் போ அனிதா."

அனிதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏறி ஓட்டவில்லை. தெருமுனை திரும்பும்வரை நிர்மலா பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாதேஷ் வெளியே வந்தான்.

"வாங்கியிருக்கலாம்" என்றான் மெதுவாக. "அவ எப்படியோ போறா. இன்னும் ஒரு மெமோதான் பாக்கி. வேலை போயிடும்."

"போனா வேற வேலை தேடிக்கறேன்" என்றாள் நிர்மலா. அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். "சிப்காட்டுல வேலைக்கா பஞ்சம். அந்தப் பன்னெண்டு வருசத்த நான் எங்க போயித் தேடறது?"

மாதேஷ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.